அந்தோனியார் போத்தலில் இருந்த எண்ணெய்

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் ஜென்சிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவரின் கிருபையால் நான் சுகம். நீயும் மருமகனும் வயிற்றில் இருக்கும் குஞ்சும் சுகமாய் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். எழுத்தைப் பார்த்து ஆர் இது என்று யோசிப்பாய். நான்தான் பிள்ளை, என் சொந்தக் கை. கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு இருந்து படித்தேன், இனி நீங்கள் கடிதமே எழுதலாம் ஐயா என்று செலீன் ரீச்சர் சொல்லிவிட்டா. ஒரு வரி எழுதி முடிக்கத் தேத்தண்ணி ஆறிப்போகிறது, ஆனாலும் மனம் துள்ளுகிறது. இவ்வளவு காலமும் நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதுவா, கீழே நான் ஒரு சிலுவை கீறுவேன். நான் சொன்னதைத்தான் எழுதினாவா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது, ஏனென்றால் அம்மா நல்ல சுகம் என்றே நீ நினைத்திருக்கிறாய் என்று உன் அண்ணன் றெக்ஸ் சொல்கிறான். போனில் அவ பக்கத்தில் இருக்க நான் என்னத்தைக் கதைக்கிறது?

போன வருசம் அம்மாவுக்கு முதுகில் அக்கி போட்டது. புண் ஆறிவிட்டது, எரிவு மட்டும் போகவில்லை. சட்டை பட்டாலும் துடிப்பா. விழுங்கிய குளிசைகள் எல்லாம் வயிற்றில் தங்காமல் சத்தி எடுக்க வைத்தன. கடைசியில் டாக்டர் எழுதிக் கொடுத்தது என்ன தெரியுமா, கஞ்சா எண்ணெய். நான் றெக்சைப் பார்த்தேன், அவன் ஓம் அப்பா, சட்டப்படிதான் என்றான். எங்கள் மன்னார்க் கரையில் இதே சாமானுக்காக எத்தனை பெடியளை நேவி பிடித்துக்கொண்டு போனது, இங்கே அது தபாலில் வருகிறது! பாமசியில் வாங்க ஏலாது. டாக்டர் எழுதவேண்டும், அரசாங்கம் அனுமதித்த கொம்பனியில் பெயர் பதியவேண்டும், தபால்காரன் வந்து ஆளைப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தருவான். போத்தலில் அரசாங்க முத்திரை, இலை போட்ட சிவப்பு அடையாளம், என்னாலேயே திறக்க முடியாத மூடி. இவ்வளவு காவல் போட்டு ஒரு மருந்தைத் தருகிறார்கள் என்றால், அவர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்றுதானே அர்த்தம்? நல்லது என்றால் ஏன் பூட்டு, கெட்டது என்றால் ஏன் என் மனுசிக்கு? றெக்சிடம் கேட்டால், அப்பா நீங்கள் மீன் வாங்கினாலும் செவுளைக் கிளறுகிற ஆள் என்று சிரிக்கிறான். ஆனால் ஒன்று சொல்லவேண்டும், அந்த எண்ணெய் நாக்கில் பட்ட நாள் தொடக்கம் அம்மா நித்திரை கொள்கிறா.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். உன் பிள்ளைப்பேற்றுக்குத் தான் வந்தே தீருவேன் என்று அம்மா பெட்டி அடுக்கத் தொடங்கினா. எண்ணெயைக் கொண்டுபோகலாமோ என்று றெக்ஸ் கிளினிக்கில் கேட்டான். நாட்டுக்குள் எங்கும் கொண்டுபோகலாம், எல்லை தாண்டக்கூடாது, டாக்டர் எழுதிய மருந்துத் துண்டு இருந்தாலும் கூடாது என்று நேர்ஸ் சொன்னாவாம். நீ இருக்கும் சிங்கப்பூரில் இதற்கு என்ன செய்வார்கள் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. அம்மா சரி சரி என்று தலையாட்டினா. அவ சரி சரி என்று இரண்டு தரம் சொன்னால் செய்யப்போவது வேறு.

அடுத்த நாள் பக்கத்து வீட்டு அக்னெஸ் அக்கா முழங்கால் நோவென்று வந்தா, சுரூபத்துக்கு முன்னால் இருக்கும் அந்தோனியார் எண்ணெயில் இரண்டு சொட்டுக் கேட்டா. உனக்குத் தெரியும், ஆசீர்வதித்த எண்ணெய் கேட்டு வந்த ஒருவரையும் அம்மா வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அன்றைக்குப் பாய்ந்து போத்தலைப் பறித்து, முடிந்துபோச்சு அக்கா என்றா. போத்தல் நிறைய இருக்கிறது, நானும் அக்னெசும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்! அக்னெஸ் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டா. நான் மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். கோயில் மணம் இல்லை, பச்சைப் புல் மணம்.

றோசா, இது என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். இஞ்சருங்கோ, அரசாங்கம் முத்திரை குத்தித் தந்த மருந்தை ஆர் பிடிக்கிறது என்றா. அப்ப ஏன் அந்தோனியாருக்குள்ள ஒளிச்சு வைச்சனீர் என்றேன். அம்மா கதிரையில் இருந்து அழுதா. எண்ணெய் இல்லாமல் அவ்வளவு நேரம் பிளேனில் இருக்க ஏலாது, என்ர பிள்ளை தாயில்லாதவள் மாதிரித் தனியப் பெறுவாளோ என்றா. எனக்குக் கோபம் எல்லாம் வடிந்துவிட்டது. அந்தோனியார் போத்தலோடு அந்த எண்ணெயைக் கிளினிக்கிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டோம். அவவுக்குப் புதுப் போத்தல் தபாலில் வந்தது, முத்திரையோடு, அது இந்த வீட்டை விட்டு அசையாது.

ஆகவே மகள், அம்மா வரமாட்டா. நான் வாறன். சிரிக்காதே. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி எப்படி வைப்பது என்று அம்மா கதிரையில் இருந்தபடி என்னை மிரட்டி மிரட்டிப் பழக்குகிறா, றெக்ஸ் தினமும் அதைத் தின்று பிள்ளை பெறாமலே உடம்பு தேறிவிட்டான். அம்மாவை அவனும் அவன் மனுசியும் பார்ப்பார்கள். நீ அம்மாவுக்குப் போன் எடுத்து, அப்பா வந்தால் போதும், நீங்கள் சுகமாக இருங்கோ என்று ஒரு வார்த்தை சொல்லு. உன் வாயால் கேட்டால்தான் அவவின் நெஞ்சு ஆறும். அந்தோனியார் எண்ணெய் இந்த முறை வராது, நீ எதிர்பார்த்திருக்காதே. விமானம் ஏறும் முன் என் பெட்டியை நானே கொட்டிப் பார்ப்பேன், உன் அம்மாவை இன்னும் நான் முழுதாய் நம்பவில்லை.

வழி தெரியாமல் நிற்பேனோ என்று பயப்படாதே. இங்கே மெற்றோவில் எல்லாம் பிரெஞ்சு, நான் படித்த எழுத்து ஒன்றும் உதவாது. சிங்கப்பூர் விமான நிலையத்துப் பலகைகளில் தமிழும் இருக்கும் என்று செலீன் ரீச்சர் சொன்னா. மருமகனை வெளியிலேயே நிற்கச் சொல்லு. நான் ஒவ்வொன்றாய் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு வருவேன், கொஞ்சம் பிந்தும்.

ஆண்டவர் உன்னையும் உன் வயிற்றையும் காப்பாராக. இரும்புச்சத்துக் குளிசையை மறவாதே.

சிலுவை கீறாமல், பெயர் எழுதும் உன் அப்பா,
ம. கிறகரி