கயிறு இழுப்பவளுக்கு ஓட்டு உண்டா?

கயிற்றின் கடைசி ஆளாக நின்று எங்கள் எல்லோரையும் தாங்கிய என் செல்ல நாத்தனார் முத்துச்செல்விக்கு,

ஒரு சேதி, சிரிக்காமல் கேள். நம் வடம்வலிக்கு, அதான் இந்தக் கயிறு இழுக்கும் போட்டிக்கு, உலக அளவில் ஒரு சங்கம் இருக்கிறதல்லவா, அதில் கயிறு இழுப்பவர்களின் பிரதிநிதியாக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். உன் அண்ணன் நம் எஸ்டேட் லயத்தில் வீடு வீடாகச் சொல்லிவிட்டார்: "பஞ்சாயத்துக்கு இல்லப்பா, எம் பொண்டாட்டி ஒலகத்துக்கே மெம்பரு!"

நம் முதல் போட்டி ஞாபகம் இருக்கிறதா? எட்டுப் பேரும் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசில் தொங்கி எடை பார்த்துவிட்டுத் தெம்பாகக் கிளம்பினோம். கணக்கப்பிள்ளை பழக்கதோஷத்தில் சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தே எடை சொல்லியிருக்கிறார்! அங்கே போனால் எட்டுப் பேரின் மொத்த எடை ரூலில் உள்ளதைவிடக் கூடுதல். தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தோம், நீ முடியை வெட்டினாய். அப்படியும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எடை பார்த்த அதிகாரியிடம் கேட்டாயே, "ஏன் சார், இந்த ரூலப் போட்டவுகள்லாம் கயிறு புடிச்சவுகளா?" அவர் சிரித்து மழுப்பினார். நீ கண்மூடிய ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதையேதான் கேட்டாய்: "யாரு மதினி அவுக?"

இப்போது பார்த்துவிட்டேன், செல்வி. போன வாரம் போனிலேயே வீடியோவில் சங்கத்தின் கூட்டம். டவர் கிடைக்கும் என்று ஃபாக்டரி வாசலில் உட்கார்ந்தேன், நம் கோச் பக்கத்திலிருந்து அவர்கள் பேசியதைத் தமிழில் சொன்னார். பெரும்பாலும் கோட்டுப் போட்ட பெரியவர்கள், நல்ல மனிதர்கள்தான். எடையை முந்தின நாளே பார்த்துவிட்டால் பெண்கள் பட்டினியோடு கயிறு பிடிக்க வேண்டியதில்லை என்றேன். தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்கள். ஓட்டெடுப்பில் நானும் கையைத் தூக்கினேன். பிரதிநிதி பேசலாம், ஓட்டுப் போட முடியாது என்று தலைவர் பணிவாகச் சொன்னார். பந்தியில் உட்காரவைத்து இலை போடாத கதை! ஒரே ஒரு ஓட்டு குறைந்து தீர்மானம் தோற்றது.

கோபத்தைவிட எனக்கு ஆச்சரியம்தான் அதிகம். எங்கள் கையைப் பார்த்து அப்படி என்ன பயம்? ரூலையெல்லாம் எங்கள் பக்கம் வளைத்துவிடுவோம் என்றா? இல்லை, இதுவரை யாருமே கேட்கவில்லையா? நீ இருந்தால் போனுக்குள்ளேயே புகுந்து கேட்டிருப்பாய். உன்னை மனசு ரொம்பத் தேடுகிறது.

என்னைப் போலவே பிரதிநிதியான வேற்றுநாட்டுக்காரி ஒருத்தியும் நானும் சேர்ந்து, எங்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறோம். வேடிக்கை என்ன தெரியுமா? எங்களுக்கு ஓட்டுத் தரலாமா என்பதற்கும் ஓட்டெடுப்பாம். அதிலும் எங்களுக்கு ஓட்டு இல்லை.

இருக்கட்டும். அதற்குள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஏன் என்று கேட்பேன். காரணத்தை என் முகத்தைப் பார்த்துச் சொல்லும்வரை ஒருவரையும் விடமாட்டேன், சத்தியம்.

உன் மதினி,
பேச்சியம்மாள்