உன் தம்பி சொன்ன வார்த்தை

அன்காவா முகாம்,
ஜனவரி.

அன்பு மகள் நுஹாத்துக்கு உன் அம்மா வர்தியா எழுதுவது. ஆண்டவருடைய சமாதானம் உன் மேலும் மாப்பிள்ளை மேலும் பிள்ளைகள் மேலும் தங்கியிருக்கட்டும். அங்கே பனியில் நீங்கள் எல்லோரும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், அப்பா, உன் தம்பி மூன்று பேரும் மூச்சோடு இருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வர மாட்டேன் என்கிறது. போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேனே, சிக்னல் நன்றாகத்தான் இருந்தது மகளே. சல்வான் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவுக்குக் கால் துடைத்துக்கொண்டிருந்தான். கேரவன் என்று கொடுத்திருக்கிற இந்தத் தகரப் பெட்டிக்குள் ஒருவர் பெருமூச்சு விட்டால் மூன்று பேருக்கும் கேட்கும், நான் எங்கே போய்ப் பேசுவேன். நம் குருவானவர் அபூனா தூமாவின் தங்கை சுவீடனுக்கு வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். படித்துவிட்டு உன் மாமியார் வீட்டாருக்கும் சொல்லு, ஏனென்றால் அங்கே கோவில் வாசலில் நின்று உன் தம்பியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர்கள்தான் என்று நீ அழுததிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

சல்வான் அந்த வார்த்தையைச் சொன்னானாமே, உண்மையா என்று கேட்டாய். உண்மைதான். சொன்னான். ஆனால் எப்படிச் சொன்னான் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகஸ்டில் கறுப்புக் கொடிக்காரர்கள் வருகிறார்கள் என்று நம் ஊர் பக்தீதா காலியானபோது வண்டியில் இருந்த கடைசி இடத்தில் என்னைத் தள்ளி ஏற்றிவிட்டு, "அப்பாவைப் படுக்க வெச்சுக் கூட்டிட்டு வர பெரிய வண்டி வேணும்மா, நீ போ, நான் பின்னாடியே வரேன்" என்றான். பின்னாடி வண்டி எதுவும் வரவில்லை, பாதையை அடைத்துவிட்டார்கள். பக்கவாதம் வந்த பிறகு அப்பாவுக்குப் பேச்சு போனது உனக்குத் தெரியும், தண்ணீர் என்று கேட்கக்கூட வாய் வராது. ஆனால் ஜெபத்தைத் தொடங்கினால் மட்டும் எங்கிருந்தோ முழுசாக வந்துவிடும், டாக்டரே பார்த்து ஆச்சரியப்பட்டார். கறுப்புக் கொடிக்காரர்கள் வீட்டுக்குள் வந்து கட்டிலைச் சுற்றி நின்று, எங்கள் மார்க்கத்துக்கு வருகிறேன் என்று சொல்லு கிழவா என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா பயத்தில் வாயைத் திறந்திருக்கிறார். வந்தது ஒன்றுதான், "எங்கள் தந்தையே" என்று. மறுபடி மிரட்டினார்கள், மறுபடி அதேதான். அதை விட்டால் அவருக்கு வேறு வார்த்தை ஏது. வேண்டுமென்றே சொல்கிறார் என்று நினைத்து ஒருவன் துப்பாக்கியை அவர் நெற்றியில் வைத்துவிட்டான். அப்போதுதான் உன் தம்பி குறுக்கே விழுந்து, "அவருக்குப் பேச்சு வராது, அவருக்கும் சேர்த்து நான் சொல்றேன்" என்று அவர்கள் சொல்லச் சொன்னதைச் சொல்லியிருக்கிறான். அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்தப் பார்வையைத்தான் அம்மா என்னால மறக்க முடியல என்கிறான். அது கோபப் பார்வையா, பாவம் என்ற பார்வையா என்று இன்றுவரை அவனுக்குத் தெரியவில்லை, கேட்டால் சொல்லும் நிலையில் அவரும் இல்லை.

செப்டம்பரில் அப்பாவுக்கு ஜன்னி கண்டதும், "இந்தக் கிழவனை எங்களால பொதைக்க முடியாது, தூக்கிட்டுப் போ" என்று ஊர் எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். முதுகில் சுமந்துகொண்டு வெயிலில் நடந்திருக்கிறான். வழியில் ஆடு மேய்க்கிற ஒரு முஸ்லிம் பெரியவர் தண்ணீர் கொடுத்து, அப்பாவைத் தன் கழுதையில் ஏற்றி ஆற்றுப் பாலம் வரை கொண்டு வந்து விட்டாராம், பிடிபட்டிருந்தால் அவர் தலையும் போயிருக்கும். அவர் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேனே என்று சல்வான் அடிக்கடி சொல்வான், நீயும் அவரை ஜெபத்தில் நினைத்துக்கொள்.

இங்கே வந்து சேர்ந்தபோது எல்லோரும் அவனைத் தோளில் தூக்காத குறைதான், அப்பனைச் சுமந்து வந்த பிள்ளை என்று. சிலுவைத் திருநாள் வந்தது. நம் ஊரில் குன்றின்மேல் தீ மூட்டுவோமே, இங்கே முகாம் நடுவில் இரண்டு டயரை எரித்தோம். பவனியில் சிலுவையை நீதான் தூக்க வேண்டும் என்று அவன் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் தூக்க மாட்டேன். நான் சொல்லிட்டு வந்தவன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். யாரும் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை நுஹாத், அவன் வாயாலேயே சொன்னான். சொல்லாமல் இருந்திருந்தால் இன்றுவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

அன்றிலிருந்து தொடங்கியது. நம் தெரு கிதிர் உனக்கு நினைவிருக்கும், ஓட்டுநர், நல்ல மனுஷன்தான், ஆனால் நாக்கு சவரக்கத்தி. ரொட்டி வரிசையில் சல்வானைக் கண்டால் போதும், "என்ன முல்லா, தொழுகைக்கு நேரமாச்சே, இங்க என்ன நிக்கற" என்பான். "பேச்சு வராத அப்பன் சரியா சொன்னான், பேச்சு வர்ற மகன் மாத்திச் சொன்னான்" என்பான். சிரிப்பதற்கு நாலு பேர் எப்போதும் இருப்பார்கள். சல்வான் தலையைக் குனிந்து ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். கோவில் கூடாரத்துக்குள் போக மாட்டான், வெளியே ஜெனரேட்டர் பக்கத்தில் சரளைக் கல்லில் உட்கார்ந்திருப்பான், பாட்டு முடிந்ததும் எழுந்து போய்விடுவான். எனக்கே ஜெபம் வறண்டுவிட்டது மகளே, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. முழங்காலில் நின்றால் ஆண்டவரே என்பதற்கு மேல் வார்த்தை வருவதில்லை, உமக்கு எங்களைத் தெரியுமா என்று கேட்கத்தான் வருகிறது. அபூனாவிடம் சொன்னேன். அவர் எனக்குப் புத்தி சொல்லவில்லை. "உங்களால முடியலன்னா வந்து சும்மா உக்காருங்கம்மா. மத்தவங்க ஜெபிப்பாங்க, நீங்க அதுக்குள்ள இருந்துக்கங்க. நானே சில நாள் அப்படித்தான் பலிபீடத்துல நிக்கறேன்" என்றார். அதைக் கேட்டுத்தான் இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறேன்.

கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முன்னால் ஒரு நாள் காலையில் சல்வானைக் காணவில்லை. அவன் கோட்டு ஆணியில் தொங்குகிறது, ஆள் இல்லை. நான் முகாமெல்லாம் தேடி, கழிப்பறை வரிசையெல்லாம் தட்டிப் பார்த்து, பைத்தியக்காரி மாதிரி ஓடினேன். மத்தியானம் அபூனாவுக்குப் போன் வந்தது, போர்முனையில் இருக்கிற குர்து காவலர்கள் ஒருவனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், பக்தீதா பக்கம் நடந்து போகிறான், நிறுத்தினால் கேட்கவில்லை, சுட்டிருப்போம், கையில் ஆயுதம் இல்லாததால் விட்டோம் என்று. அபூனாவும் நானும் போனோம். மணல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு அறையில் ஸ்டவ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், யாரோ ஒரு காவலன் தன் போர்வையை அவன்மேல் போட்டிருந்தான். ஏன்டா இப்படிச் செய்தாய் என்று அடிக்கப் போனேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, அபூனாவிடம் சொன்னான், "சொன்னதைத் திருப்பி எடுத்துக்கணும் அபூனா. எங்க நின்னு சொன்னேனோ அங்கயே போய் நின்னு, நான் கிறிஸ்தவன்னு சொல்லணும். அப்புறம் அவங்க என்ன செஞ்சாலும் சரி." அபூனா, "அங்க போய் யார்கிட்டப்பா சொல்லப் போற? அவங்களா உனக்கு ஆண்டவர்? அவர்கிட்ட சொல்றதுக்கு இந்த ஸ்டவ் பக்கமே போதுமே" என்றார். அதற்கு உன் தம்பி, "அவர் கேப்பாரான்னு தெரியலியே" என்றான். அபூனா அவன் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அழுதார். ஒரு குருவானவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அங்கேதான் இன்னொன்றும் வெளியே வந்தது. ஆகஸ்டில் கிதிர் ஊரைவிட்டு ஓடி வந்தபோது அவனுடைய அம்மா கஸாலா அத்தை வீட்டைவிட்டு வர மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவன் வந்துவிட்டான். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு சல்வானைத் தெருவில் நடமாட விட்டிருக்கிறார்கள், அவனும் கிடைக்கிற ரொட்டியையும் தண்ணீரையும் கஸாலா அத்தைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வந்திருக்கிறான். ஒரு நாள் போனபோது அவள் அடுப்பங்கரையில் கிடந்தாளாம், உயிர் இல்லை. ஏன்டா இதை அவனிடம் சொல்லவில்லை, அவன் உன்னை அந்தப் பேச்சுப் பேசுகிறானே என்று கேட்டேன். "அவர் தினமும் அவங்க அம்மா நம்பருக்கு அடிக்கிறாரும்மா. அணைஞ்சு கெடக்குன்னு தெரிஞ்சும் அடிக்கிறார். நான் சொல்லிட்டா அதுவும் நின்னுடும். என்னைத் திட்டறதாலயாவது அவருக்குக் கொஞ்சம் ஆறுதுன்னா திட்டிட்டுப் போகட்டும்" என்றான். நான் பெற்ற பிள்ளையை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன் என்று வைத்துக்கொள்.

சொல்லியே ஆக வேண்டும், செத்தவளுக்குப் பூசை வைக்க வேண்டாமா என்று அபூனா சொல்லிவிட்டார். திரும்பி வந்ததும் மூன்று பேருமாக கிதிரின் கேரவனுக்குப் போனோம். எங்களைப் பார்த்ததும், "என்ன, முல்லாவைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்று ஆரம்பித்தான். சல்வான் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே, "கிதிரண்ணே, அத்தை போயிட்டாங்க. நான் பார்த்தேன்" என்றான். கிதிர் எழுந்து ஓங்கி ஓர் அறை விட்டான், தகரம் அதிர்ந்தது. சல்வான் அசையவில்லை. கிதிரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கிதிர் அவன் சட்டையைப் பிடித்தபடியே கேட்டான், "எங்க பொதைச்ச?" "உங்க வீட்டுப் பின்னாடி, அத்தி மரத்துக்கிட்ட." "தலை?" "நம்ம முறைப்படி கிழக்க பாக்கத்தான் வெச்சேன்." "ஜெபம் சொன்னியா?" உன் தம்பிக்கு அப்போதுதான் குரல் உடைந்தது. "சொன்னேண்ணே. எனக்கு அருகதை இல்லதான். வேற யாரும் இல்ல." கிதிர் சட்டையை விட்டுவிட்டு, எங்களை வெளியே போகச் சொன்னான். நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் அவன் போட்ட ஓலம் இருக்கிறதே, முகாமே வெளியே வந்து நின்றது.

அதற்குப் பிறகு அவன் யாரோடும் பேசவில்லை, ரொட்டி வரிசைக்கும் வரவில்லை. இங்கே மழை வேறு பிடித்துக்கொண்டது, கேரவனுக்கு அடியில் சேறு, மேலே ஒழுகல், பர்குல் கோதுமை மூட்டை நனைந்து பூஞ்சை பிடித்துவிட்டது. அப்பா இப்போது கோதுமைக் கஞ்சியைக்கூட விழுங்க மறுக்கிறார், ஜெபமும் பாதியோடு நின்றுவிடுகிறது, மருந்து வந்தால் வருகிறது இல்லாவிட்டால் இல்லை. நீ சுவீடனுக்கு வந்துவிடுங்கள் என்கிறாய், இவரை எந்த விமானத்தில் ஏற்றுவது. ஊர் திரும்பக் கிடைக்கும் என்கிறார்கள் சிலர், எனக்கு நம்பிக்கை இல்லை. சில நாள் விடியும்போது ஏன்தான் விடிகிறதோ என்றிருக்கிறது. சல்வான் மறுபடி போய்விடுவானோ என்று அவன் செருப்பை என் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறேன்.

இதற்கு நடுவில் போன ஞாயிறு நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். கஸாலா அத்தைக்கான பூசை அன்று. கிதிர் கடைசி வரிசையில், கூடாரத் துணி ஓரமாக நின்றான். சல்வான் வழக்கம்போல வெளியே, தூறலில், ஜெனரேட்டர் பக்கம். சமாதானம் கொடுக்கிற நேரம் வந்தது. பீடத்திலிருந்து அபூனா கொடுத்ததை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி, முகத்தில் ஒற்றிக்கொண்டு, பின்னால் கொடுத்துக்கொண்டே வந்தோம். கிதிர் கைக்கு வந்ததும் அங்கே முடிய வேண்டியதுதான், அவனுக்குப் பின்னால் ஆள் இல்லை. அவன் கொஞ்ச நேரம் அப்படியே கையைக் குவித்துக்கொண்டு நின்றான், ஏதோ தண்ணீரை ஏந்தியிருப்பதுபோல. பிறகு துணியை முழங்கையால் விலக்கிக்கொண்டு வெளியே நடந்தான். அபூனா பாட்டை நிறுத்திவிட்டார், எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். சேற்றில் நேராகப் போய் சல்வான் முன்னால் குனிந்து இரண்டு கையையும் நீட்டினான். "பிடிடா, எங்கம்மாவுக்கு ரொட்டி கொடுத்த கை" என்றான். உன் தம்பி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவன் கையை நீட்டி வாங்கினான் நுஹாத், வாங்கி முகத்தில் ஒற்றிக்கொண்டான்.

உள்ளே வரவில்லை. கிதிரும் வரவில்லை, பூசை முடியும்வரை இருவரும் மழையில் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்ற இடத்திலேயே, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, மனசு முழுசாக ஜெபித்தேன்.

அதனால் மகளே, நீ அவனைக் கேள்வி கேட்காதே, மன்னித்தேன் என்றும் எழுதாதே, மன்னிக்க நீ யார் நான் யார். சின்ன வயதில் எழுதுவாயே, அந்த மாதிரி சண்டை பிடித்து, கேலி செய்து, ஒரு கடிதம் எழுது. ஆஸ்பத்திரி வேலையில் உன்னை நீயே கெடுத்துக்கொள்ளாதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ, பிள்ளைகளுக்கு நம் பாஷையை மறக்க விடாதே. கன்னி மாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். அப்பாவின் நல்ல கையை இந்தத் தாளின்மேல் வைத்து எடுத்திருக்கிறேன், அது அவருடைய ஆசீர்வாதம், ஓரத்தில் கஞ்சிக் கறை இருந்தால் அதனால்தான்.

பதிலை என் பெயருக்கு அனுப்பாதே. உறைமேல் சல்வான் இஸ்ஹாக் என்று அவன் பெயரைப் பெரிதாக எழுது, முகாம் வாசலில் அவன் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா வர்தியா