தஸ்னீமுக்கு ஒரு ஹாபி

19 ஜனவரி 2026, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து இன்றுதான் பள்ளிக்கூடம் திறந்தார்கள். திறந்த கையோடு ஒரு துண்டுச் சீட்டு. 31ஆம் தேதி சனிக்கிழமை ‘ஹாபி டே’ கண்காட்சியாம். ஒன்றாவது முதல் ஐந்தாவது வரை ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்ததை மேசையில் வைத்து, பார்க்க வருகிறவர்களிடம் இரண்டு நிமிஷம் பேச வேண்டும். பெற்றோர் உதவி செய்யக் கூடாது என்று அடியில் கோடு போட்டிருக்கிறார்கள். எனக்காகவே போட்ட கோடு.

தஸ்னீமுக்கு என்ன ஹாபி இருக்கிறது? நகம் கடிப்பாள். டிவி ரிமோட்டை ஒளித்து வைப்பாள். மூன்றாவது படிக்கிற பிள்ளையை ஒரு ஹாபிகூட இல்லாமலா வளர்த்திருக்கிறேன்?

அவளிடமே கேட்டேன். “எல்லாம் இருக்கும்மா. நீ சும்மா இரு” என்றாள். சும்மா இருப்பது ஒன்றுதான் எனக்குத் தெரியாது.

20 ஜனவரி

காலையில் ஷார்ஜாவிலிருந்து மச்சான் பேசினார், தஸ்னீமுடைய அத்தா. பதினோரு வருஷமாக ஒரே மளிகைக் கடை. என்னிடம் பேசிக்கொண்டே “வாங்க ஹபீபி, என்னா வேணும் ஹபீபி” என்று வியாபாரமும் நடக்கும். அரபியில் ‘என் செல்லம்’ என்று அர்த்தமாம். பால் வாங்க வருகிறவனும் ஹபீபி, பெற்ற மகளும் ஹபீபி. அவசரத்தில் பாதியை முழுங்கிவிடுவார், ‘ஹபி’ என்றுதான் காதில் விழும். கல்யாணமான புதிதில் நானும் ஹபீபியாக இருந்தேன். இப்போது வெறும் ஷமீனா.

காண்ட்ராக்ட் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா இல்லையா என்று 31க்குள் சொல்ல வேண்டுமாம். “வந்துடுறேன் ஷமீனா. இங்க நின்னு நின்னு காலு போச்சி. மேலவீதி பக்கம் சின்னதா ஒரு கடை புடிச்சிக்கலாம்” என்கிறார்.

நான் விடவில்லை. வந்தவர்களைப் பார்க்கிறேனே. இவருடைய அண்ணன் கிபாயத்துல்லா எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்து மூன்று வருஷமாக டீக்கடை பெஞ்சுக்குக் காவல் இருக்கிறார். நம் வீட்டு மொட்டை மாடியிலோ மேல்மாடிக்கு எழுப்பிய தூண் ஆறு வருஷமாகக் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. துணி காயப்போடப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. பாதியில் நிற்கிற எதையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

“மாடிய கட்டி முடிச்சிட்டு வாங்க மச்சான். ரெண்டே வருஷந்தான” என்றேன்.

22 ஜனவரி

ஹாபி இன்னும் தெரியவில்லை. ரகசியமாம்.

25 ஜனவரி, ஞாயிறு

கடலூர் போனோம், முதுநகரில் தம்பி ஆசிக் வீட்டுக்கு. அங்கிருந்து சில்வர் பீச். கிளிஞ்சல் சேகரிப்பு என்று ஒரு ஹாபியை நானே உண்டாக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். இவள் மணலில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றாள். நான் வெயிலில் குனிந்து குனிந்து பொறுக்கினேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

“அக்கா, பேசாம அன்னைக்கி நீயே யூனிபார்ம் போட்டுக்கினு நின்னுடு” என்றான் ஆசிக். கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது.

திரும்பும்போது மாமாவும் மருமகளும் குசுகுசுவென்று பேசிக்கொண்டு ஒரு ஸ்டூடியோவுக்குள் போய் வந்தார்கள். கேட்டால் சொல்லவில்லை. பஸ்ஸில் புதுச்சத்திரம் வரும்வரை நானும் அவளிடம் பேசவில்லை.

27 ஜனவரி

பீரோவிலிருந்து மச்சானுடைய நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்திருக்கிறாள். காலி அத்தர் பாட்டில் ஒன்று. பரணிலிருந்து பழைய காலண்டர்கள் வேறு. எதற்கடி என்றால் “ஹாபிக்குத்தான்.”

அத்தர் பாட்டில் சேகரிப்பாக இருக்குமோ? சட்டை வாசனைக்காக இருக்கலாம். காலண்டர் எதற்கு? தலை வெடித்துவிடும் போலிருக்கிறது.

28 ஜனவரி

இன்று சண்டை. நான்தான் கத்தினேன். “வந்து என்னா பண்ணப் போறீங்க, ஒங்கண்ணனுக்குப் பக்கத்துல எடம் புடிச்சி வச்சிருக்காங்களா?” — இப்படிக் கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டேன். யாரோ கடைக்கு வந்தார்கள். இந்தத் தடவை ஹபீபி என்றுகூடச் சொல்லவில்லை. “சரி, பாப்பம்” என்று வைத்துவிட்டார்.

எதையும் கடைசி நாள்வரை இழுக்கிறவர். 31ஆம் தேதி சாயங்காலம்வரை என் உயிரை வாங்குவார்.

வேறு என்ன சொல்லியிருக்கலாம்? வாங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு, பிறகு? மாடி? தெரியவில்லை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

30 ஜனவரி

இரண்டு நாளாகப் போன் இல்லை. நானும் அடிக்கவில்லை. தரையை மூன்று தடவை துடைத்தேன்.

31 ஜனவரி, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

பத்து மணிக்குப் போனேன். ஹால் முழுக்க மேசைகள். கதிர்வேல் என்கிற பையன் பஸ் டிக்கெட்டுகளை ஊர் வாரியாக ஒட்டியிருந்தான், திட்டக்குடிவரை. மதுரா என்கிற பெண் நடராஜர் கோயில் புறாக்களின் இறகுகளை வைத்திருந்தாள். கடைசி வரிசையில் தஸ்னீம். என் கிளிஞ்சல் அங்கே இல்லை.

ஹேங்கரில் நீலக் கட்டம் போட்ட சட்டை. அத்தர் பாட்டில். ஸ்டூடியோவில் பெரிதாக்கிய மச்சான் படம். மேலே சார்ட்டில் ஆங்கிலத்தில் ‘மை ஹபி’. அதன் கீழே தமிழில் ‘எங்க அத்தா’.

எனக்குப் பின்னால் ஒரு பிள்ளையின் அப்பா சிரித்துவிட்டார். “ஹாபிய ஹபீபின்னு நெனச்சிக்கிச்சி போலருக்கு, பாவம்” என்றார் பக்கத்திலிருந்தவரிடம். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பிள்ளையை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது.

ஜான்சி டீச்சர் குனிந்து மெதுவாகத்தான் கேட்டார். “ஹாபின்னா என்னான்னு மிஸ் சொன்னேன்ல கண்ணு?”

“சொன்னீங்க மிஸ். லீவு கெடைக்கிறப்ப மட்டும் வர்றது, நமக்கு ரொம்பப் புடிச்சதுன்னு. எங்க அத்தா லீவுக்கு மட்டுந்தான் மிஸ் வருவாங்க.”

பிறகு குச்சியை எடுத்துச் சார்ட்டைக் காட்டினாள். நான்கு கட்டங்கள். நாற்பத்தைந்து, நாற்பது, ஐம்பத்தாறு, முப்பது. மச்சான் வந்த நாளையும் போன நாளையும் பழைய காலண்டர்களில் நான் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அதைப் பார்த்து எண்ணியிருக்கிறாள்.

“எனக்கு எட்டு வயசு. நான் பொறந்ததுலேர்ந்து எங்க அத்தா எங்க வீட்ல இருந்தது நூத்தி எழுவத்தி ஒரு நாளு. நன்றி.”

சிரித்தவர் சார்ட்டை ஒரு தடவை படித்தார். பிறகு தன் மகனைத் தேடிக்கொண்டு போய்விட்டார். எட்டு வருஷத்தில் நூற்று எழுபத்தொன்று. அரை வருஷம்கூட இல்லை. நான் ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்து போன் அடித்தேன். அவர் எடுத்ததும் நான் சலாம்கூடச் சொல்லவில்லை. “கையெழுத்துப் போடாதீங்க மச்சான். வந்துடுங்க. மாடி கெடக்குது. நீங்க வந்துடுங்க.”

கடைச் சத்தம் குறைந்தது. வெளியே வந்துவிட்டார் போல.

“வியாழக்கிழமையே போட்டுட்டனே புள்ள” என்றார். “நீ கோவமா பேசுனியா... இழுத்தடிச்சா நீ இன்னும் கோவப்படுவியோன்னு காலையில மொத ஆளாப் போயிப் போட்டுட்டேன். ஏன், என்னா ஆச்சி?”

“ஒண்ணுமில்ல” என்றேன்.

1 பிப்ரவரி

ஜான்சி டீச்சர் எடுத்த வீடியோவை அவருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார், இரண்டு டிக்கும் நீலம்.

2 பிப்ரவரி

ரத்து செய்ய முடியுமா என்று முதலாளியிடம் கேட்டாராம். முடியாதாம்.

அவர் குரலில் கோபமே இல்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

4 பிப்ரவரி

மேஸ்திரி சின்னையன் வந்தார், மாடியை அளக்க. போன மாசம் நானேதான் நாலு தடவை சொல்லி அனுப்பியிருந்தேன். டேப்பைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். இன்னொரு நாள் பார்க்கலாம் அண்ணே என்று அனுப்பிவிட்டேன். மேலே போய்ச் சும்மா நின்றேன். சும்மா நிற்பது இப்படித்தான் இருக்கும் போல.

8 பிப்ரவரி, ஞாயிறு

மச்சான் பேசினார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவு கொடுத்திருக்கிறார்களாம், முப்பது நாள். தஸ்னீமிடம் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். “முப்பதா? டிக்கெட்டு போட்டுட்டீங்களா? சரி” என்றாள்.

போனை வைத்ததும் சுவரிலிருந்த சார்ட்டைக் கழற்றித் தரையில் விரித்தாள். ஐந்தாவதாக ஒரு கட்டம் கட்டி முப்பது என்று எழுதினாள். கீழே கூட்டி, இருநூற்று ஒன்று. மற்றதெல்லாம் ஸ்கெட்ச் பேனாவில் இருக்க, இதை மட்டும் பென்சிலில் எழுதினாள்.

“ஏண்டி இத மட்டும் பென்சில்ல எழுதுற?”

“வந்து இருந்துட்டுப் போவட்டும்மா” என்றாள். “அப்பறம் பேனால எழுதிக்கிறேன்.”