பகல் மாத்திரையும் முப்பது நோன்பும்

பதுளை,
23.09.1979, ஞாயிறு.

முக்கிய அறிவிப்பு. பதுளை நகர மக்களுக்கும், குவைத்தில் வசிக்கும் எங்கள் ஜௌபர் நானாவுக்கும் மிகுந்த பொறுப்புணர்ச்சியுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், நமது வீட்டுச் சிவப்புச் சேவல் கடந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த பின்னேரத்தில் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து, தம்பி ஷுக்ரியாகிய என்னால் வாலைப் பிடித்து மீட்கப்பட்டு, தற்போது அடுப்படியில் சாக்கின்மேல் ஓய்வெடுத்து வருகிறது. வால் இறகில் நாலு என் கையோடு வந்துவிட்டதைத் தவிர வேறு சேதம் இல்லை. உம்மா இப்போது என் தலையில் ஒரு குட்டு வைத்து, சேவல் கதைக்கா வெளிநாட்டுக் கடுதாசி, நான் சொல்றத எழுது என்கிறார். வழக்கமான ஒப்பந்தம்தான் நானா. உம்மா சொல்வதை உம்மா பேசுவதாகவே எழுதுவேன். என் பங்கு அடைப்புக்குறிக்குள் வரும். உம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாவிட்டாலும் அடைப்புக்குறி போட என் கை வளைவதை எப்படியோ பிடித்துவிடுகிறார், ஆகையால் அளவோடு வளைப்பேன்.

அன்பு மகன் ஜௌபருக்கு உம்மா ஸித்தி ஸுபைதா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் தம்பியும் இருக்கிறோம், நீயும் அந்த வெயிலில் வாடாமல் இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கை ஏந்துகிறேன். வாப்பாவுக்கு முழங்கால் குளிரில் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது, கடைக்கு மட்டும் ஒரு நாள் தவறாமல் போகிறார், ஆணி வாங்க வருகிறவனுக்கும் முழங்கால் கதை சொல்லித்தான் அனுப்புகிறார். இங்கே பின்னேரத்தில் மழை தொடங்கிவிட்டது. பண்டாரவளை ஸரூக்கிடம் நீ கொடுத்துவிட்ட பால்மா டின்னும் மாத்திரைப் போத்தல் இரண்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அந்த மாத்திரைக்காகத்தான் இந்தக் கடிதம். போன கடிதத்தில் எல்லாம் நலம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டதாக நீ கோபித்துக்கொண்டாய். நான் ஒரு மணித்தியாலம் சொன்னேன் மகன், எழுதியவன்தான் ஒரு வரியாக்கினான். (சுருக்கி எழுதுதல், பத்துப் புள்ளி. மொழிப் பாடத்தில் அது ஒன்றில் மட்டும் எனக்கு எப்போதும் முழுப் புள்ளி.) இந்தத் தடவை முதலிலிருந்து சொல்கிறேன், முழுக்க எழுதாவிட்டால் ராத்திரிச் சோறு இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

சித்திரை லீவில் நீ ஏற்பாடு செய்தபடி கண்டியில் தனியாகப் பார்க்கிற அந்த டொக்டரம்மாவிடம் இவனைக் கூட்டிப் போனேன். போகுமுன் வீட்டுக்கு ஒரு படிவம், வகுப்பு மாஸ்டருக்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தார். இத்ரூஸ் மாஸ்டர் தன்னுடையதைச் சந்தோஷமாக நிரப்பி, இடம் போதவில்லை என்று ஒற்றைத்தாள் இரண்டு ஒட்டிக் கொடுத்தார். பாடசாலை மணியைப் பத்து நிமிடம் முந்தி அடித்தது, அதிபரின் கதிரையை வாழைமரத்தடியில் கொண்டுபோய் வைத்தது, எல்லாம் அதில் இருந்ததாம். கடையை விட்டு வாப்பா வரவில்லை. டொக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான். ஆகையால் இவனைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் இவனே சிங்களத்தில் அவருக்குச் சொன்னான், அவர் சொன்னதை இவனே தமிழில் எனக்குச் சொன்னான். (குற்றம் சாட்டப்பட்டவரே மொழிபெயர்ப்பாளராக இருந்த முதல் வழக்கு. நேர்மையாகச் செய்தேன். குரங்குச் சேட்டை என்று உம்மா சொன்ன இடத்தில் மட்டும் சுறுசுறுப்பு என்று போட்டேன்.) இரண்டு மணித்தியாலம் வைத்திருந்தார். படம் வரையச் சொன்னார், எண்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார், கடைசியில் ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் உட்காரச் சொன்னார். இவன் நிலத்துக் கல்லையெல்லாம் எண்ணி, சுவர் மணிக்கூடு நாலு நிமிடம் பிந்தி ஓடுகிறது என்று சொல்லி, கதிரையில் ஏறித் திருத்தவும் போய்விட்டான்.

பிறகு அவர் என் கையைப் பிடித்துச் சொன்னார். பிள்ளை கெட்டவன் இல்லை, சோம்பேறியும் இல்லை, புத்தி நல்லா ஓடுது, பிரேக்தான் பிடிக்கல்ல, அதுக்கு மருந்து இருக்கு என்று. இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயரும் சொன்னார், அது என் நாவில் நிற்கவில்லை. மகன், எத்தனை வருஷம் இவனை இதற்காகவே ஈர்க்குக் கட்டையால் அடித்திருக்கிறேன். திரும்பி வரும்போது அப்புத்தளை தாண்டும்வரை முந்தானையை முகத்தோடு வைத்துக்கொண்டிருந்தேன். என்ன உம்மா என்று கேட்டான், பனி குத்துது என்று சொன்னேன். (பனியே இல்லை நானா. நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.)

முதலில் காலையில் அரை மாத்திரை. அது பதினொரு மணிவரை பிடித்தது, பிறகு பழைய ஷுக்ரிதான். அடுத்த மாதம் காலையில் அரை, பகல் பன்னிரண்டுக்கு அரை என்று மாற்றினார். அதற்குப் பிறகு ஒரு நாள் இத்ரூஸ் மாஸ்டர் கடைக்கே வந்து, உங்கட மகன் இன்னைக்கு ஒரு பக்கக் கணக்கை முடிச்சி வச்சான், வேற யார்ட கொப்பியோ எண்டு நான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன் என்று வாப்பாவிடம் சொல்லியிருக்கிறார். டிசம்பர் பரீட்சைக்கு இவனை அனுப்பமாட்டேன் என்றிருந்த அதிபரும் பார்ப்போம் என்று இறங்கி வந்தார்.

அப்போதுதான் நோன்பு வந்தது. நோயாளி நோன்பை விடலாம், விட்டதைப் பிறகு பிடித்துக் கழாச் செய்யலாம் என்று பள்ளி ஹஸரத் சொன்னார். இவன் கேட்கவில்லை. இந்த வருஷம் முப்பதும் பிடிக்கப் போவதாகச் சொன்னான், முப்பதும் பிடித்தால் கைக்கடிகாரம் தருவேன் என்று நீயும் எழுதியிருந்தாய். ஆகையால் நானே ஒரு வழி செய்தேன். காலை அரையை விடியுமுன் ஸஹர் சோற்றோடு கொடுத்தேன், பகல் அரையை நோன்பு திறந்து கஞ்சி குடித்த பிறகு கொடுத்தேன். முப்பது நோன்பையும் பிள்ளை முடித்தான் மகன். தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். (முப்பது. பதினைந்தும் பதினைந்தும். ஒரு நாள் பல் வலி, ஒரு நாள் காய்ச்சல் என்று ஒரு சாக்கும் இல்லை. எங்கள் வகுப்பில் முப்பதை முழுதாகத் தொட்டவன் நான் ஒருவன்தான். கடிகாரத்தின் பட்டி தோலாக இருந்தால் நல்லது.) ராத்திரியில் தூங்காமல் ஓதுகிறான் என்று மனம் குளிர்ந்து போயிருந்தேன். பிறகு பார்த்தால் வாப்பாவின் ரேடியோவைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

பெருநாள் முடிந்து ஐந்தாம் நாள் மறுபடி கண்டிக்குப் போனோம். டொக்டரம்மா கொடுத்த கொப்பியில் ஒவ்வொரு நாளும் காலை, பகல், ராத்திரி என்று மூன்று கட்டம், மாத்திரை கொடுத்தால் சரி போடவேண்டும், பிள்ளை எப்படி இருந்தான் என்று பக்கத்தில் எழுதவேண்டும். நான் சொல்லச் சொல்ல இவன்தான் நிரப்பினான். (ஒரு வெட்டு இல்லை, ஒரு மைக்கறை இல்லை. இவ்வளவு சுத்தமான கொப்பியை இதுவரை பார்த்ததில்லை என்று டொக்டரம்மா தன் வாயால் சொன்னார்.) அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பகல் மாத்திரை கொடுத்தும் பின்னேரம் அடங்கவில்லையே, அரை போதவில்லை, இனிப் பகலுக்கு ஒரு முழு மாத்திரை கொடுங்கள் என்றார்.

இன்றைக்கு மூன்று கிழமை. பிள்ளை பிள்ளையாக இல்லை ஜௌபர். ராத்திரிச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழும்புகிறான். டிஸ்பென்சரித் தராசில் ஐந்து றாத்தல் குறைந்திருக்கிறான். நகத்தோரத் தோலையெல்லாம் பிய்த்துப் புண்ணாக்கி வைத்திருக்கிறான். பின்னேரம் மூலையில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி. இவன் சேட்டை ஓய்ந்தால் போதும் என்று எத்தனை நாள் கேட்டிருப்பேன், இப்போது வீடு சத்தமில்லாமல் கிடக்க எனக்குப் பயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை லீவு, மறதியில் பகல் மாத்திரை கொடுக்கவில்லை, அன்றைக்குத்தான் சேவலைத் துரத்தினான், எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆகையால் மகன், நான் முடிவு செய்துவிட்டேன். இனி மாத்திரை அனுப்பவேண்டாம். பரீட்சை போனால் போகட்டும், வாப்பாவோடு கடையில் இருக்கட்டும். எனக்குப் பிள்ளை வேண்டும்.

நானா, இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டேன். இனி அடைப்புக்குறி இல்லை. மேலே உள்ள வரிகளை உம்மா சொன்னபடியே எழுதினேன். அரை மாத்திரை எடுத்த அந்த இரண்டு மாதத்தில்தான் நான் முதல் தடவையாக ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். மாத்திரை நின்றால் எனக்குப் பரீட்சை இல்லை. பிழை எங்கே நடந்தது என்று வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நோன்பில் பகல் மாத்திரையை மஃரிபுக்கு, நோன்பு திறந்த பிறகு கொடுத்தேன், அதைச் சொல்லு என்று கண்டியில் உம்மா என்னிடம் இரண்டு தரம் சொன்னார். நான் சொல்லவில்லை. கொப்பியில் மாலைக்குக் கட்டம் இல்லாததால் மாலை மாத்திரைக்கெல்லாம் பகல் கட்டத்தில் சரி போட்டிருந்தேன், ஓரத்தில் குறிப்பு எழுதினால் அழகு கெடும் என்று எழுதவில்லை. பகலில் சரியாகப் பன்னிரண்டுக்குத்தானே என்று டொக்டரம்மா கேட்டார். அப்போதுதான் கொப்பியைப் பாராட்டி முடித்திருந்தார். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் கொப்பியை யாரும் நல்லது என்று சொன்னதில்லை நானா. ஆம் என்று சொன்னேன். மருந்தே எடுக்காத பின்னேரத்தைப் பார்த்து மருந்து போதவில்லை என்று அவர் கூட்டிவிட்டார்.

இதை உம்மாவிடம் சொன்னேன். உம்மா எழும்பிப் போய் அடுப்பைக் குறைத்தார். திரும்பி வந்து, நான் சொன்னதாக அவவிடம் நீ சொன்னது வேறயா என்று மட்டும் கேட்டார். ஈர்க்குக் கட்டை பக்கத்திலேயே இருந்தது, எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடுதாசியை மூடி வை, வாப்பா வரட்டும் என்றார்.

25.09.1979, செவ்வாய்.

மகன் ஜௌபர், உம்மாதான் தொடர்ந்து சொல்கிறேன். நேற்று வாப்பா கடையிலிருந்து கண்டிக்கு டிரங்க் கோல் எடுத்தார். லைன் கிடைக்க முக்கால் மணித்தியாலம் போனது. வாப்பா சிங்களத்தில் எல்லாம் விளக்கினார். டொக்டரம்மா கேட்டுவிட்டு, போனை ஷுக்ரியிடம் கொடுக்கச் சொன்னாராம். என்ன சொன்னார் என்று இவன் இன்னும் எனக்குச் சொல்லவில்லை, காது மட்டும் சிவந்திருந்தது. (அழகான கொப்பி தனக்கு வேண்டாமாம், அழுக்கான உண்மை போதுமாம். மைக்கறை இருந்தால் இன்னும் நல்லதாம்.) பகலுக்குப் பழையபடி அரை, அதுவும் சோறு சாப்பிட்ட பிறகு, இரண்டு மணி தாண்டினால் அன்றைக்கு விட்டுவிடவேண்டும் என்றார். மாலையில் கொடுத்ததுதான் தூக்கத்தைக் கெடுத்ததாம். அது என் பிழை, கேட்காமல் செய்தது நான். அடுத்த நோன்புக்கு ஒரு மாதம் முந்தியே வந்து கேட்கச் சொன்னார். இனி வாப்பாதான் கூட வருவார், இவன் வாயை மூடிக்கொண்டு உட்காரவேண்டும். கொப்பியில் சரி போடும் வேலையை இத்ரூஸ் மாஸ்டர் ஏற்றுக்கொண்டார்.

நேற்றும் இன்றும் பகலுக்கு அரைதான் எடுத்தான். இன்று பின்னேரம் இரண்டு ரொட்டி தின்றான். மூன்றாவதையும் கேட்டான் மகன். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதை விட்டுவிடு, மாத்திரையை அனுப்பு. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடவா என்று இவன் கேட்டான், வேண்டாம், நானாவும் வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இவன்மேல் நீயும் கோபித்துக்கொள்ளாதே. முப்பது நோன்பை முடித்த பிள்ளை, அந்த ஒன்றை நினைத்து மன்னித்துவிடு.

நீ வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே. தலைக்கு எண்ணெய் வை. மாத்திரைப் போத்தலைச் சாமானோடு போடாமல் வருகிறவர் கையில் கொடு. அல்லாஹ் உனக்கு ஆயுளையும் பரக்கத்தையும் தரட்டும், உன் முகத்தைச் சீக்கிரம் எனக்குக் காட்டட்டும்.

உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும் உம்மா,
ஸித்தி ஸுபைதா

(மேலே அரபு எழுத்தில் இருப்பது உம்மாவே போட்ட கையெழுத்து. ஓதப் பள்ளியில் படித்த எழுத்து அது ஒன்றுதான், என் கொப்பியைவிட அழகு. உம்மா இப்போது அஸர் தொழப் போய்விட்டார். நானா, கடிகாரம் பற்றி ஒரு சின்ன விஷயம். பதினேழாம் நோன்பன்று பந்தைத் திருப்பிக் கொடுக்க, என்னோடு விளையாடும் கணபதி இருக்கிற தேயிலைத் தோட்டத்துக்கு ஏறிப் போனேன். அவர்களுடைய லயத்து வீட்டு வாசலில் அவன் அம்மா இராக்கம்மா, வெயில்ல வந்திருக்க, சாப்புடு சாமி என்று சுடச்சுட ஒரு ரொட்டியும் சம்பலும் தந்தார். தின்றுவிட்டேன். நோன்பு நினைவே இல்லை, சத்தியமாக மறதிதான். மறந்து தின்றால் நோன்பு முறியாது, அது அல்லாஹ் ஊட்டியது என்று ஹஸரத் சொல்லியிருக்கிறார். ஆகையால் அதுவரை கணக்கு முப்பதுதான்.

ஆனால் இரண்டாவது ரொட்டியைக் கையில் எடுக்கும்போது ஞாபகம் வந்துவிட்டது.

நல்ல சூடு நானா.

இதை இன்னும் உம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. தொழுதுவிட்டு வரட்டும். இருபத்தொன்பது நோன்புக்கு என்ன தருவீர்கள் என்று எழுதவும். தம்பி ஷுக்ரி.)