உள்ளங்கைத் தண்ணீர்

நரேலா, டெல்லி
8.7.2025

முருகன் துணை

அன்புள்ள சிசிலியா அக்காவுக்கு,

உங்கள் ஜெயலட்சுமி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் காது மட்டும் நலமில்லை என்று தெரியும். போனில் நான் "சீட்டு" என்றால் நீங்கள் "ஏட்டு எதுக்கு வந்தான்?" என்கிறீர்கள். அதனால்தான் என் மூன்றாம் வகுப்புத் தமிழில் ஸ்பீட் போஸ்ட். பிழை இருந்தால் நர்ஸம்மா ஊசி எடுத்துக்கொண்டு வர வேண்டாம்.

ஜங்புராவில் நம் தமிழ் ஆட்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பை இடித்த பிறகு எங்களை இந்த நரேலாவில் நாலாவது மாடியில் ஏற்றிவிட்டார்கள். ஜங்புராவில் வேலை பார்க்கிற வீட்டுக்குப் போவதற்குள் பாதி டெல்லியைப் பார்த்துவிடுகிறேன். என் இடுப்பு குறைந்துவிட்டது. வீட்டுக்காரர் ரசிக்கிறார்.

நல்ல சேதி: உங்கள் பேரைச் சுமக்கிற என் மகளுக்கு வக்கீல் படிப்பில் எஸ்.சி. இடம் கிடைத்திருக்கிறது. கெட்ட சேதி: அவள் சாதிச் சான்றிதழ் வீட்டை இடித்தபோது தொலைந்துவிட்டது. புதிது வாங்கப் போனோம். ஆபீஸ் பாபு, அதான் குமாஸ்தா, அவள் பேரைப் பார்த்தான்.

"சிசிலியா? ஈசாயி ஹே க்யா?" கிறிஸ்தவளா என்று கேட்கிறான்.

"இல்லண்ணே. பொறந்தப்ப இவளைக் காப்பாத்துன நர்ஸம்மா பேரு."

"கிறிஸ்டியன் ஆயிட்டா எஸ்.சி. கிடையாது. சட்டம்."

"இவ அப்பா பேரு நல்லசிவம். அப்ப அவர் என்ன, கோயிலா?" என்றேன். அவனுக்குச் சிரிப்பே வரவில்லை அக்கா. பேர் வைத்த நர்ஸிடம், இவளுக்கு ஞானஸ்நானம் நடக்கவில்லை என்று எழுதி வாங்கி வரச் சொல்லிவிட்டான். இருபத்தைந்தாம் தேதிக்குள் சான்றிதழ் கொடுக்காவிட்டால் சீட் போய்விடும்.

இரண்டு வரி போதும். கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் கேக் கொடுத்து என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வரவைத்த கைதானே அது? எழுதி அனுப்புங்கள்.

உங்கள் தங்கச்சி,
ஜெயா


திண்டுக்கல்
13.7.2025

அன்பு ஜெயா,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவள் வக்கீலுக்குப் படிக்கப் போகிறாள் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆனால் நீ கேட்ட இரண்டு வரியை என்னால் எழுத முடியாது.

அன்று நான் வேலை பார்த்த டெல்லி ஆஸ்பத்திரியில் குழந்தை நீலம் பாய்ந்து, அழாமல் கிடந்தது. டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்துவிட்டார். சாகக் கிடக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிற யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் கிறிஸ்தவ வேதத்தில் வழக்கம். குழாயடியில் உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து வந்து, அவள் தலையில் ஊற்றி, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் வாயில் வந்தது என் பெயர்தான். பிறகு அவளுக்கு மூச்சு வந்தது. நீ மயக்கத்தில் இருந்தாய். எழுந்ததும் நீயாகவே, "உங்க பேரையே வெச்சுடுறேன்க்கா" என்றாய். நடந்ததை நடக்கவில்லை என்று எப்படி எழுதுவேன்?

கோபம் எனக்கும் இருக்கிறது ஜெயா. உன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே தெரு. என் அப்பா வேதத்தில் சேர்ந்தார். நான் நர்ஸிங் படிக்கப் போனபோது, கிறிஸ்தவளுக்கு எஸ்.சி. இடம் இல்லை என்றார்கள். அப்பா கடன் வாங்கித்தான் படிக்க வைத்தார். சரி, கிறிஸ்தவள்தான் என்று ஊருக்கு வந்தால், கல்லறைத் தோட்டத்தில் நம் தெருக்காரர்களைப் பிரித்துக் குறுக்கே சுவர் கட்டியிருக்கிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம்தான் அப்பாவைப் புதைத்தேன். தண்ணீர் ஊற்றியதில் எங்களுக்குச் சாதி போகவில்லை. படிக்கிற இடம் மட்டும் போனது.

என்னைத் திட்டு. பொய் மட்டும் கேட்காதே.

அன்புடன்,
சிசிலியா


நரேலா
17.7.2025

சிசிலியா அக்காவுக்கு,

இந்தத் தடவை நலமா என்று கேட்கப்போவதில்லை.

மயக்கமா? யார் சொன்னது? கண்ணை அரைகுறையாக மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் கிடந்தேன். நீங்கள் தண்ணீர் ஊற்றியதும் தெரியும், உதடு அசைந்ததும் தெரியும். சாணியைக் கரைத்து ஊற்றினால் பிள்ளை பிழைக்கும் என்றாலும் ஊற்றுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். உங்களுக்குச் சங்கடம் வேண்டாமென்று இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாய்! அது மூடிக் கிடந்ததே பெரிய அற்புதம், உங்கள் சாமியார்களிடம் சொல்லி எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

எனக்கு முடிந்தது உங்களுக்கு முடியாதா? உங்கள் ஆண்டவர் எதையும் மன்னிப்பார் என்பீர்களே, ஒரு பொய்யை மன்னிக்க மாட்டாரா? ஆபீஸ் பாபு மன்னிக்க மாட்டான்.

ஜங்புரா வீட்டு அம்மா எனக்கென்று ஒரு தனி டம்ளரைப் பால்கனியில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். அதில்தான் எனக்கு டீ. எந்தச் சாமி கும்பிடுகிறேன் என்று கேட்டா அதைத் தனியாக வைத்தாள்? என் மகள் கையில் அந்த மாதிரி ஒரு டம்ளர் வந்துவிடக் கூடாது என்றுதான் இந்தச் சீட்டு. அதை உங்கள் உள்ளங்கைத் தண்ணீரிலேயே முக்கிக் கொல்லப் பார்க்கிறீர்கள். பெற்றிருந்தால் தெரியும்.

பாபு வேறு வழி சொல்லிவிட்டான். பேரை மாற்றிச் சர்க்கார் கெஜட்டில் போட விண்ணப்பம் கொடுத்தால் சந்தேகம் தீருமாம். வைஷ்ணவி என்று மாற்றப் போகிறேன். உங்கள் பேரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெயலட்சுமி


திண்டுக்கல்
21.7.2025

ஜெயா,

மாற்றிக்கொள். வைஷ்ணவி நல்ல பெயர்.

பெற்றிருந்தால் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். நான் பெறவில்லைதான்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். சாகும் நிலையில் இருந்த குழந்தைக்கு நானாகத்தான் ஞானஸ்நானம் கொடுத்தேன், தாய் கேட்கவில்லை, எந்தக் கோயில் பதிவேட்டிலும் அது இல்லை, அவள் தன் பெற்றோரின் சாமியைக் கும்பிட்டு வளர்ந்தவள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அத்தனையும் உண்மை. உதவினால் கொடு. உதவாவிட்டால் கிழித்துப் போடு.

இனி எழுத வேண்டாம்.

சிசிலியா


நரேலா
19.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். என்றைக்கு நான் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறேன்?

மகளுக்குத் தமிழ் படிக்க வராதே, உங்கள் தாளை நான்தான் வாசித்துக் காட்டினேன். பேரை மாற்றப் போகிற கதையையும் சொன்னேன். "மம்மி, என் பேர மாத்த நீ யாரு?" என்று கத்தினாள் பாருங்கள், நாலு மாடிக்கும் கேட்டது. தாளை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினாள். நான் செருப்பைத் தேடுவதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டாள்.

தாளில் இருந்ததை மகள் இந்தியில் சொன்னதும் பாபு குதித்தான். "பாத்தியா, நான் சொன்னேன்ல! ஞானஸ்நானம் ஆயிருக்கு!"

"சார், வேற மதத்தை என்னோடதுன்னு சொல்றவங்களுக்குத்தானே எஸ்.சி. இல்லைன்னு சட்டத்துல இருக்கு? நான் எப்ப அப்படிச் சொன்னேன்? அன்னைக்கு எனக்கு அழவே வரல. மதத்தை எப்படிச் சொல்லியிருப்பேன்?"

"ரொம்பப் பேசாத. உன் அம்மாகிட்ட நான் சொன்ன வழியைக் கேளு, பேரை மாத்து."

"மாத்த மாட்டேன். முடியாதுன்னா காரணத்த எழுதிக் குடுங்க."

இழுத்தடித்துக் கடைசி நாள் சாயங்காலம் எழுதிக் கொடுத்தான்: பெயர் சந்தேகத்துக்கு இடமானது. அவ்வளவுதான் காரணம். சீட் போனது அக்கா. அன்றைக்கு அந்த வராந்தாவில் நான் போட்ட சத்தம் உங்கள் காதுக்கே எட்டியிருக்கும். ஆத்திரம் அடங்காமல் மறுநாள் ஜங்புரா வீட்டுத் தனி டம்ளரைக் கீழே போட்டு மிதித்து நசுக்கினேன். வேலை போனது. டம்ளர் இனி யாருக்கும் ஆகாது.

அப்புறம் ஜோஸ்லின் என்று ஒரு வக்கீல் பெண் பணம் வாங்காமல் கேஸ் எடுத்தாள். உங்களைப் போலவே வேதக்காரப் பெண். பாபு அவள் பேரைக் கேட்டால் அங்கேயே மயங்கி விழுவான். தீர்ப்பு வரும்வரை மகளுடைய இடத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று ஹைகோர்ட் ஜட்ஜ் நிறுத்தி வைத்திருக்கிறார். தீர்ப்பு எப்படி வருமோ, தெரியாது. நீங்கள் பொய் எழுதிக் கொடுத்திருந்தால் கோர்ட்டில் அதுவே எங்கள் கழுத்தை அறுத்திருக்கும் என்று ஜோஸ்லின் சொன்னாள். எனக்குத் தலை குனிந்துவிட்டது. சிரிக்காதீர்கள்.

"பெரியம்மாவுக்கு நர்ஸிங்ல தராம விட்ட இடத்துக்கு யாருடி கேஸ் போடுறது?" என்று மகளிடம் கேட்டேன். "அது இதைவிடப் பெரிய கேஸ் மம்மி. படிச்சிட்டு வர்றேன், இரு" என்றாள்.

நான் எழுதிய அந்தக் கேடுகெட்ட வரியை மையால் அடித்துவிடுங்கள். நான் பெற்றபோது அவள் அழக்கூட இல்லை. மூச்சு உங்கள் கையில்தான் வந்தது.

கோர்ட்டு வாசலில் டிவி மாதிரி ஒரு பலகையில் கேஸ்காரர்கள் பேர் ஓடுகிறது. இங்கிலீஷ் எனக்குத் தெரியாதே, மகள் விரலால் தொட்டுக் காட்டினாள்: சிசிலியா. இனி நானே நினைத்தாலும் அந்தப் பேரை மாற்ற முடியாது அக்கா. கேஸ் நடக்கிறது.

உங்கள் தங்கச்சி,
ஜெயா