வாதுமை மரத்துச் சிவப்பு

2025 ஜனவரி 27
வெட்கக்கேடு. இன்று பூங்காவில் ஆறு பேருக்கு முன்னால் பொய் சொன்னேன், அதுவும் ஒரு மரத்தைப் பற்றி. இரத்தத்தில் சீனி கூடிச் சலரோகம் வந்ததிலிருந்து பின்னேரங்களில் அங்கே நடக்கிறேன். நடப்பது கொஞ்சம், ஊர்ப்புதினம் பேசுவதுதான் கூட. முன்னாள் தபாலதிபர் தம்பிராசா அண்ணை கையை நீட்டி, "வாதுமை இலையெல்லாம் என்ன வடிவாச் சிவந்திருக்கு, பாருங்கோ" என்றார். பென்சன் எடுத்த பெர்னடெட் ரீச்சர் கவிதை சொல்லாத குறை. நானும் அண்ணாந்து பார்த்தேன். பச்சை. சாதாரணப் பச்சை. "ஓம், நெருப்புப்போலை" என்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னேன்.

ஜனவரி 28
நான் ஓட்டுகிற பள்ளிக்கூட வானில் பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அதே வாகனத்தோடு நேரே பூங்காவுக்குப் போனேன். அதே மரத்தடி. ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், மற்றதை மூடிப் பார்த்தேன். பச்சைதான். சலரோகம் கண்ணையும் பிடிக்கும் என்று டொக்டர் எச்சரித்தவர். அப்பாவுக்கும் இப்படித்தானே தொடங்கியது? கடைசி இரண்டு வருடம் சோற்றுக் கோப்பையைத் தடவித் தேடினார்.

ஜனவரி 30
சுன்னாகம் சந்தையில் நல்ல பழமாகப் பார்த்துத் தக்காளி எடுத்தேன். வீட்டில் என் மனுசி உதயகலா பையைக் கவிழ்த்தாள். "உதென்ன, எல்லாம் பச்சைக் காய், ஊறுகாய் போடவோ?" சிரித்துச் சமாளித்தேன்.

ஜனவரி 31
வானில் பதினாறு பிள்ளைகள். சந்திச் சிக்னல் விளக்கில் மேலே எரிகிறதா, கீழே எரிகிறதா என்று பார்த்துத்தான் நிறுத்தினேன். இவ்வளவு காலமும் எப்படி நிறுத்தினேன்? ஞாபகமில்லை. பயமாக்கிடக்கு. வானும் இல்லையெண்டால் நான் ஆர்?

பெப்ரவரி 3
நாளைக்குக் கண் போனால் என்ன செய்வதென்று, கண்ணை மூடிக்கொண்டு கிணற்றடி வரைக்கும் நடந்து பழகினேன். வாளியில் இடறி விழுந்தேன். விசரன்.

பெப்ரவரி 5
நேற்று உதயகலாவிடம் சொல்லி அழுதுவிட்டேன். இன்று அவளே கண் டொக்டரிடம் இழுத்துப் போனாள். நிறப்புள்ளிப் படங்களைக் காட்டி, உள்ளே தெரியும் இலக்கம் என்னவென்று கேட்டார். பாதிப் படங்களில் எனக்கு இலக்கமே இல்லை. பிறகு கண்ணுக்கு மருந்து விட்டு, நெடுநேரம் உள்ளே பார்த்தார்.
"சலரோகத்தாலை ஒண்டும் பழுதில்லை. சிவப்பும் பச்சையும் உங்களுக்குப் பிறவியிலையே குழப்பம்."
"கலியாணத்திலை என்ரை சிவப்புக் கூறைச்சீலையை மண்ணிறம் எண்டு சொன்னவர், டொக்டர்," என்று கோள் சொன்னாள் உதயகலா. இருபத்திரண்டு வருடமாக மனதில் வைத்திருந்திருக்கிறாள்.

பெப்ரவரி 6
பூங்காவில் எல்லாரையும் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். உங்கள் சிவப்பு மரம் எனக்கு அன்றைக்கும் பச்சை, இன்றைக்கும் பச்சை என்று அடிமரத்தில் தட்டிக் காட்டினேன். பெர்னடெட் ரீச்சர்தான் மெதுவாகச் சொன்னா:
"தம்பி, அண்ணை காட்டினது மதிலோரத்து மரத்தை. இது இன்னும் சிவக்கேல்லை."