கசப்பு பாதாம் வாசனை

ஜனவரி 7, 1963

இல்லை, சளி இல்லை. நான்கு வருஷமாகவே இப்படித்தான். டைபாய்டு போனபோது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவளுக்கு இது நஷ்டமா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். நான் காப்பி கொடுக்கிறேன்.

அம்மா சொல்லி வைத்திருக்கிறாள்: "வெளிய சொல்லிராத மேரி. ஊனம்னு பேராயிரும்."

கல்லூரியிலும் சொல்லவில்லை.

ஜனவரி 10

ஆர்கானிக் கெமிஸ்ட்ரி செய்முறை. பாட்டிலில் பெயர் ஒட்டாத திரவம். என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கென்று வரிசையாகச் சோதனைகள் உண்டு. நடப்பது வேறு. முதலில் எல்லோரும் மோந்து பார்க்கிறார்கள். பெயரை முடிவு செய்கிறார்கள். பிறகு அந்தப் பெயருக்குத் தோதாகச் சோதனைகளை எழுதுகிறார்கள்.

நான் சோதனைகளைச் செய்கிறேன். வேறு வழியில்லை.

போன பரீட்சையில் குழாயைச் சரியாகக் கழுவாமல், இல்லாத நைட்ரஜனைக் கண்டுபிடித்து ஃபெயில் ஆனேன். பிப்ரவரி செலக்‌ஷனிலும் ஃபெயில் என்றால் யுனிவர்சிட்டி பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்கள்.

"எல்லாருக்கும் மணக்குது, உனக்கு மட்டும் என்ன?" என்றார் மிஸ். சிரித்து வைத்தேன்.

ஜனவரி 20

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஸ்தனிஸ்லாஸ், நத்தத்தில் வாத்தியார். என் வகுப்பு சகாயராணிக்கு அத்தை மகன். கேசரி அடிப்பிடித்திருந்ததாம். எனக்கெப்படித் தெரியும்? அவருடைய அம்மா ஒரு வாய் தின்றுவிட்டு, "படிக்கிற புள்ளதான, அடுப்பு போகப்போகப் பழகிரும்" என்றார்.

மாப்பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்று. "தினம் மதுரைக்கு ரயில்ல போய் வாரீங்களே, எந்தப் பக்கத்து ஜன்னல்?"

"சிறுமலைப் பக்கம்."

தலையாட்டினார். இதை ஏன் எழுதி வைக்கிறேன்?

ஜனவரி 27

நத்தத்தில் சம்மதம். ஜூனில் கல்யாணம். படிப்பை முடிக்கட்டும் என்று அவரே சொன்னாராம். "பாஸானா பட்டத்தோட போ. ஃபெயிலானா இன்னொரு வருஷம்னு எங்கிட்ட வராத" என்றார் அப்பா.

இரண்டும் கிடைக்கும்போல் இருக்கிறது. எனக்கு இது பழக்கமில்லை.

பிப்ரவரி 19

செலக்‌ஷன் செய்முறை. பதின்மூன்று பேருக்கும் ஒரே திரவம். வெளிர் மஞ்சள். மூடியைத் திறந்ததும் எல்லா முகத்திலும் நிம்மதி. பக்கத்து மேஜையிலிருந்து சகாயராணி உதட்டை அசைத்தாள்: "கசப்பு பாதாம். பென்சால்டிஹைட்."

புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. எங்களில் ஒருத்தியும் கசப்பு பாதாமைக் கண்ணால் கண்டதில்லை. வாசனை மட்டும் தெரிகிறது.

சோடியத்தோடு உருக்கிச் சோதித்தேன். நீலம். நீலம் என்றால் நைட்ரஜன். பென்சால்டிஹைடில் நைட்ரஜன் கிடையாது.

மறுபடியும் அழுக்குக் குழாயா? புதுக் குழாய் கேட்டேன். "ஏம்மா, குழாயத் திங்கிறீகளா?" என்று முனகிக்கொண்டே அட்டெண்டர் மலைச்சாமி கொடுத்தார்.

மறுபடியும் நீலம்.

பன்னிரண்டு மூக்கா, ஒரு நீலமா? நைட்ரோபென்சீன் என்று எழுதினேன்.

வெளியே வந்ததும் சகாயராணி, "போச்சு போ. எங்க அத்தானுக்குப் பட்டமில்லாத பொண்டாட்டிதான்" என்றாள். சிரித்தார்கள். நானும்.

பிப்ரவரி 22

நைட்ரோபென்சீன்தான். இரண்டுக்கும் ஒரே வாசனை. வேண்டுமென்றேதான் வைத்தாராம் மிஸ்.

"பன்னெண்டு பேர் ஏமாந்தாங்க. போன தடவை ஃபெயிலான உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? யாரு சொன்னது?" கேள்வி எனக்கு. பார்வை மலைச்சாமிமேல். என் மேஜைக்கு வந்துபோனவர் அவர் ஒருவர்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முன்வரிசையில் சகாயராணி. அவளுக்குத் தெரிந்தால் ஞாயிறு பூசை முடிவதற்குள் நத்தம் முழுக்கத் தெரியும். அம்மா — அம்மாவை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

"எனக்கு வாசனை தெரியாது மிஸ். எதுவுமே."

நம்பவில்லை. அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் வாயுவைக் கொஞ்சம் திறந்துவிடச் சொன்னார். முன்வரிசை எழுந்து ஓடியது. மிஸ்ஸும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். நான் அங்கேயே நின்றேன். "இப்ப திறந்துட்டீங்களா மிஸ்?" என்று கேட்டேன்.

மலைச்சாமியைப் போய் வேலையைப் பார்க்கச் சொன்னார்.

மார்ச் 3

நத்தத்திலிருந்து மாப்பிள்ளையின் சித்தப்பா வந்தார். காப்பி வேண்டாம் என்றார். "மூக்கு வேலை செய்யாத புள்ளைய வீட்டுக்குள்ள விட்டா என்னென்ன கருகுமோன்னு மதினி பயப்படுறாக."

அவர் போனதும் அம்மா பிடித்துக்கொண்டாள். "யாருடி உன்னைய வாயத் தெறக்கச் சொன்னது? அம்புட்டு தடவ சொன்னேனே!"

"சொல்லலன்னா மலைச்சாமிக்கு வேலை போயிருக்கும்மா."

"அவனையா கட்டிக்கப் போற?"



சித்தப்பாவிடம் ஒன்று கேட்டிருக்கலாம். மாப்பிள்ளை என்ன சொன்னார்? அவர் — ஒரு வார்த்தைகூடவா சொல்லல? எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்ல?

கேட்கவில்லை.

மார்ச் 5

அழுதேன். கொஞ்சம்.

மார்ச் 11

பரீட்சைக்குப் போகிறவர்களின் பெயர்களைக் கல்லூரிப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். என் பெயர் இருக்கிறது. சகாயராணி பெயரும். அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "சரி" என்றார். பிறகு, "அதுக்கப்புறம்?"

"எம்.எஸ்ஸி."

இதற்கு முன்னால் அப்படி யோசித்ததே இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆட்டுக்கல்லில் மாவு பாதியில் கிடந்தது. ஆட்டி முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, கெமிஸ்ட்ரியில் அமீன்கள் பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.